கண்ணாடிக்குள் ஓர் ஆபரேஷன் தியேட்டர்

(திருவிடந்தையில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



திருவிடந்தையில் கூட்டம் என்றதும் கல்யாணமாகாத நண்பர்கள் எல்லாம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்! நித்திய கல்யாணப் பெருமாள் இங்கே நாளுக்கொருவராக 360 கன்னியரை மணந்தார் என்கிறது தலபுராணம். நான் பேச வந்ததும் ஒரு 360 பற்றித்தான். சுற்றிலும் 360 பாகையையும் ஒரே சமயத்தில் படம் பிடிக்கும் காமிரா, அந்தப் படத்தைக் கண்ணில் மாட்டிப் பார்க்கும் 'வர்ச்சுவல் ரியாலிட்டி' கருவி. தமிழில் மெய்நிகர் என்கிறோம். விளையாட்டுச் சாமான்தானே என்று ஒதுக்க வேண்டாம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தையின் பயத்தை அது குறைக்கிறது.

பயம் என்றால் அழுகையோடு போகிற விஷயமல்ல. மிரண்ட குழந்தை மயக்க மருந்து மாஸ்க்கைத் தட்டிவிடும். முன்னால் அதிகம் பயந்த குழந்தைகளுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் தூக்கக் கெடுதலும் அதிகம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸீவ் கெய்ன் குழுவினர் 2006-இல் எழுதினார்கள். இந்தப் பயத்தை அளக்க 1997-இலேயே ஓர் அளவுகோலையும் அவர்கள் வகுத்திருந்தார்கள். குழந்தையின் நடவடிக்கை, குரல், முகபாவம், விழிப்பு நிலை, பெற்றோரை ஒட்டிக்கொள்ளும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மிகக் குறைவு 23, உச்சம் 100. அளக்க முடிந்தால்தானே நம்மைப் போன்ற எஞ்சினீயர்களுக்கு நம்பிக்கை வரும்!

மெய்நிகரை மருத்துவத்தில் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய நோயாளிகளுக்குக் கட்டுப் பிரிக்கும்போது பனிப்பந்து எறிந்து விளையாடும் ஒரு பனி உலகத்தைக் காட்டினார்கள். இது கவனத்தைத் திருப்பும் வழி.

இரண்டாவது வழி தென்கொரியாவில் நடந்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் புண்டாங் மருத்துவமனையில் 4 முதல் 10 வயது வரையுள்ள 69 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான விளக்கம் மட்டும். மற்றக் குழுவுக்கு, பொரோரோ என்ற கார்ட்டூன் பெங்குவின் ஆபரேஷன் தியேட்டரைச் சுற்றிக்காட்டும் நான்கு நிமிட மெய்நிகர் படம். 2017-இல் வெளியான முடிவு: முதல் குழுவின் பய மதிப்பெண்ணின் நடு மதிப்பு 51.7, படம் பார்த்த குழுவுக்கு 31.7.

பொரோரோ எதையும் மறக்கச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டியது, அவ்வளவுதான்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் டான்சில் ஆபரேஷன். முதல் நாள் ராத்திரி என்னிடம் மூன்றே கேள்வி கேட்டாள். "மாமா, அம்மா உள்ள வருவாங்களா? மூஞ்சியில வைக்கிறது நாறுமா? நான் எப்ப முழிச்சுக்குவேன்?" கத்தியைப் பற்றியோ தையலைப் பற்றியோ கேட்கவே இல்லை. தெரியாத அறையும் தெரியாத மனிதர்களும்தான் அவளை மிரட்டின. இந்த மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் சொல்கிற படம்தான் நல்ல படம். அம்மா கதவு வரைக்கும்தான் வர முடியும் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னால் அடுத்த தடவை குழந்தை நம்பாது.

சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. தலையைத் திருப்பியதும் படமும் கூடவே திரும்ப வேண்டும். தாமதித்தால் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பிள்ளைக்குக் குமட்டும். மெட்டா நிறுவனம் தன் கருவிக்கான குறைந்தபட்ச வயதை 2023-இல் 13-லிருந்து 10-ஆகக் குறைத்தது. அதற்கும் சின்னக் குழந்தை என்றால் டாக்டர் சம்மதத்தோடு, அவர் மேற்பார்வையில், சில நிமிடம் மட்டுமே. கருவி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதே படத்தைச் செல்போனில் காட்டலாம். நர்ஸம்மாவின் கனிவான பேச்சுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

இனி என் வேண்டுகோள். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பெரிய வைத்தியம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகிறார்கள். அங்கே முறைப்படி அனுமதி கேட்போம். கிடைத்தால், வார்டிலிருந்து தியேட்டர் கதவு வரை நான்கு நிமிடப் படம் எடுப்போம். பொரோரோவைத் தமிழில் பேச வைத்தால் போதாது. நம் பிள்ளைக்கு அது அந்நிய முகம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய யானையின் காலடியில் நிற்கிறதே குட்டி யானை, அது வழிகாட்டட்டும். நம்ம பக்கத்துப் பேச்சுத் தமிழில் பேசட்டும்.

காமிராவுக்கும் கருவிக்கும் ஆகும் செலவை எங்கள் வகுப்பு நண்பர்கள் பகிர்ந்துகொள்ளத் தயார். மென்பொருளை இன்றைய மாணவர்கள் எழுத வேண்டும். ஆனால் ஒரு வரி எழுதுவதற்கு முன், டாக்டர்கள் அனுமதியோடு பத்துக் குழந்தைகளிடமாவது போய் உட்கார்ந்து, எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டு வாருங்கள். விருப்பமுள்ள தம்பி தங்கைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைச் சந்தியுங்கள். பெயர் எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பேன்.