நிரல் ஊருக்கு, பெயர் நிறுவனத்துக்கு



கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பலர் பயன்படுத்தும் இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸ். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பிரிவினை இருக்கிறது.

ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறு ஆண்டே அதன் அலுவலக மென்பொருளின் மூலநிரலை, ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் எழுதித் தரும் நிரலின் பதிப்புரிமையில் சன்னுக்கும் பங்கு தர வேண்டும். வணிகப் பெயரும் சன்னிடமே. தனி அறக்கட்டளை அமையும் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். பத்தாண்டாகியும் அது அமையவில்லை.

2010 ஜனவரியில் சன், மென்பொருள் நிறுவனமான ஆரக்கிளின் கைக்குப் போனது. ஆகஸ்டில், சன்னின் இன்னொரு திட்டமான ஓப்பன் சோலாரிஸின் நிர்வாகக் குழு, ஆரக்கிள் தங்களோடு பேசவே மறுக்கிறது என்று சொல்லித் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

ஓப்பன் ஆபிஸ் குழுவினர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. செப்டம்பர் 28 அன்று டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். ஆரக்கிளையும் சேர அழைத்தார்கள். பழைய பெயரைத் தரும்படியும் கேட்டார்கள். கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்த பெயர்தான் லிப்ரே ஆபிஸ். பெயர் வரவில்லை. புதிய அமைப்பில் இருப்பவர்கள் ஓப்பன் ஆபிஸ் குழுவிலிருந்து விலக வேண்டும் என்ற கோரிக்கைதான் வந்தது.

உரிமம் திறந்திருந்ததால் அவர்களால் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது. பத்தாண்டில் மக்களிடம் பழகிப்போன பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

புதிய அமைப்பை அறக்கட்டளையாக்க மூலதனம் தேவைப்பட்டபோது, 50,000 யூரோ எட்டே நாளில் நன்கொடையாகச் சேர்ந்தது. 2011 ஜூனில் ஆரக்கிள் ஓப்பன் ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, லினக்ஸ் இயங்குதள வெளியீடுகள் பலவும் லிப்ரே ஆபிஸுக்கு மாறிவிட்டிருந்தன. அதே ஆண்டு ஆரக்கிளோடு பெயர்ச் சிக்கல் வந்து, சன்னில் பிறந்த ஹட்சன் என்ற மென்பொருளின் குழுவும் அதன் பெயரை ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

பட்ட அனுபவம் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனின் விதிகளில் ஏறியது. எந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர்களும் இயக்குநர் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்க முடியாது.

ஆனாலும் நிரலில் பெரும்பகுதியை எழுதுவது சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். அந்தச் சம்பளத்தை ஈட்ட அவர்களின் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள் தேவை. 2020இல், அலுவலகங்களை அந்த நிறுவனங்களின் கட்டணப் பதிப்புகளுக்குத் திருப்பும் எண்ணத்தில், இலவசப் பதிப்புக்குத் ‘தனிநபர் பதிப்பு’ என்று முத்திரையிட முயன்றபோது, அலுவலகங்களும் பள்ளிகளும் ஒதுங்கிவிடும் என்று தன்னார்வலர்கள் எதிர்த்தார்கள். முத்திரை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் ‘சமூகப் பதிப்பு’ என்று போட்டார்கள்.