சிரிப்புக்குக் கிடைத்த தங்கப் பதக்கம்



பரிசு வழங்கும் சபைகளில் அழுகைக்கு உள்ள மதிப்பு சிரிப்புக்கு இருப்பதில்லை. துன்பக் கதை என்றால் கனமானது என்றும், நகைச்சுவை என்றால் பொழுதுபோக்கு என்றும் நாம் எடைபோட்டுப் பழகிவிட்டோம். அந்த எடைக்கல்லையே ஐயுறச் செய்த திரைச்சித்திரம் ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புவன் ஷோம்’ என்பது அதன் பெயர். மூலக்கதை வனபூல் என்னும் புனைபெயர் கொண்ட வங்க எழுத்தாளருடையது. படமாக்கியவர் கல்கத்தாவைச் சேர்ந்த மிருணாள் சென். பேசும் மொழி இந்தி. கதை நடக்கும் இடமோ குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி. பிறந்த ஊரைவிட்டுப் பிற மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு இப்படம் அந்நியமாகத் தோன்றாது; ஏனெனில் இதன் நாயகரும் அத்தகையவரே.

புவன் ஷோம் ரெயில்வேயில் பெரிய அதிகாரி, வங்காளி, மனைவியை இழந்தவர். விதிப்புத்தகமே அவருக்கு வேதம். கடமையில் தவறினான் என்று தம் சொந்த மகனையே வேலையிலிருந்து நீக்கியவர் என்றால் வேறு சொல்ல வேண்டுவதில்லை. அலுவலகத்தில் அவர் பெயரைக் கேட்டால் நடுங்காதவர் இல்லை. அவரை நேசிப்பவரும் இல்லை. பயணிகளிடம் கைநீட்டிய ஜாதவ் பட்டேல் என்ற டிக்கெட் கலெக்டர் ஒருவன்மீது நடவடிக்கை எடுக்கும் தறுவாயில், அவர் சில நாள் விடுப்பெடுத்துக்கொண்டு பறவை வேட்டைக்குப் புறப்படுகிறார்.

அங்கே தொடங்குகிறது வேடிக்கை. கட்டைவண்டிக்காரன் அவர் சொல்லைக் கேளாமல் மாட்டை விரட்டுகிறான். எருமை ஒன்று அவரைத் துரத்துகிறது. கோப்புகளுக்கு முன்னால் சிங்கமாக இருந்தவர், மணல்வெளியில் வழிதெரியாத கிழவராக நிற்கிறார். கௌரி என்ற கிராமத்துப் பெண் அவருக்கு உதவ முன்வருகிறாள். துரைமார் உடுப்பைக் கண்டால் பறவைகள் பறந்துவிடும் என்று கூறி, அவருக்கு நாட்டுப்புற ஆடை அணிவிக்கிறாள். அந்த உடுப்போடு அவருடைய பதவியும் களைந்துவிடுகிறது. பேச்சினிடையே, தனக்கு உரியவன் ரெயில்வேயில் இருக்கிறான் என்றும், அவனைத் தொல்லைப்படுத்தும் கொடிய அதிகாரி ஒருவர் உண்டு என்றும் அவள் சொல்கிறாள். அந்த அதிகாரி தாமே என்பதை அவர் வெளியிடவில்லை. நம் பெயரைப் பிறர் எவ்வாறு உச்சரிக்கிறார்கள் என்பதை நாம் இல்லாத இடத்தில் நின்று கேட்பது எவ்வளவு பெரிய தண்டனை! அந்தத் தண்டனையைச் சிரிக்கச் சிரிக்க வழங்கியதே இப்படத்தின் சாதனை.

இனி, இது உருவான வகையைக் காண்போம். பம்பாயின் பெரும் படநிலையங்கள் இத்தகைய கதையை ஏற்றிருக்க மாட்டா. பிரபல நட்சத்திரம் இல்லை, காதல் இல்லை, ஆடல் பாடல் காட்சிகளும் இல்லை. 1960இல் மத்திய அரசு நிறுவிய திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்தது. சிறிய தொகைதான். ஆகவே அரங்கம் அமைக்காமல் வெட்டவெளியிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கே. கே. மகாஜன் பூனா திரைப்படக் கல்லூரியில் பயின்று வெளிவந்த இளைஞர். கௌரியாக நடித்த சுஹாசினி முலேக்கு இதுவே முதற்படம். கதையைச் சொல்லிச் செல்லும் பின்னணிக் குரலோ, அன்று எவரும் அறியாத அமிதாப் பச்சனுடையது. புவன் ஷோமாக நடித்த உத்பல் தத் வங்க நாடகமேடையில் பெயர்பெற்றவர். ஆயினும் இந்தி ரசிகருக்குப் புதியவர்.

1969ஆம் ஆண்டுப் படங்களுக்கான 17ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் ‘புவன் ஷோம்’ படத்துக்குக் கிடைத்தது. சிறந்த இயக்கத்துக்கான விருது மிருணாள் சென்னுக்கும், சிறந்த நடிகருக்கான விருது உத்பல் தத்துக்கும் வழங்கப்பட்டன. சிறந்த நடிகருக்கும் சிறந்த இயக்கத்துக்கும் விருது அளிக்கும் வழக்கமே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இங்கே ஒரு நயம் உண்டு. அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரை எள்ளி நகையாடும் படம் இது. அதற்குக் கடன் தந்ததும் அரசாங்க நிறுவனம். பதக்கம் அணிவித்ததும் அரசாங்கம். தன்னைக் கண்டு தானே சிரிக்கும் பக்குவம் ஓர் அரசுக்கு எப்போதும் வாய்ப்பதன்று. வாய்த்த அந்த ஒரு தருணத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனினும் எல்லோரும் பாராட்டிவிடவில்லை. மறுப்புக் குரல் எழுப்பியவர் சாமானியர் அல்லர், சத்யஜித் ராய். 1971இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் இப்படத்தின் கதையை ஏழே ஆங்கிலச் சொற்களில் சுருக்கிக் கேலி செய்தார். பொல்லாத அதிகாரியை நாட்டுப்புறத்து அழகி திருத்திவிட்டாள், அவ்வளவுதானே என்பது அதன் சாரம். புதுமை என்று கொண்டாடப்படும் இப்படம், அழகிய நாயகி, செவிக்கினிய இசை, மனம் விரும்பும் முடிவு ஆகிய பழைய உபாயங்களாலேயே வென்றது என்பது அவர் கருத்து.

ராயின் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் படத்தின் முடிவைச் சற்று ஊன்றிக் கவனித்தால், ‘திருந்தினார்’ என்ற சொல் பொருந்துமா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. ஊர் திரும்பிய ஷோம் ஜாதவை மன்னித்துவிடுகிறார். அலுவலக அறையில் தனியே நின்று பித்தரைப்போல் கூத்தாடுகிறார். ஜாதவோ பெரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாகிறான்; அங்கே மேல்வரும்படி இன்னும் அதிகம் என்று கௌரிக்கு மகிழ்ந்து எழுதுகிறான்! இதைத் திருத்தம் என்று எப்படிக் கூறுவது? நேர்மையாளர் மனிதராக ஆனார். ஆனால் நேர்மை தோற்றது. விதி இளகினால் இரக்கம் வரும். இரக்கத்தின் பின்னால் லஞ்சமும் வரும். நம்மைச் சிரிக்கவைத்த கதை, வீடு திரும்பும் வழியில் இந்தக் கேள்வியை நம் மடியில் கட்டி அனுப்பிவிடுகிறது. ஏழு சொற்களில் இது அடங்காது.

விருதின் பயனைப் பதக்கத்தின் எடையால் அளத்தல் கூடாது. அது யாருக்குக் கதவு திறந்தது என்பதால் அளக்க வேண்டும். நிதிக் கழகத்தின் கடனுதவியோடு மணி கௌலின் ‘உஸ்கீ ரோட்டி’, பாசு சட்டர்ஜியின் ‘சாரா ஆகாஷ்’ ஆகிய படங்களும் அதே காலத்தில் உருவாயின. இரண்டுக்கும் ஒளிப்பதிவு செய்தவர் அதே மகாஜன். சிறு முதலில் நல்ல படம் எடுக்கலாம், அதைத் தேசம் மதிக்கும் என்ற நம்பிக்கை இளைஞரிடையே வேரூன்றியது. உத்பல் தத் பிற்காலத்தில் இந்திப் படவுலகின் தலைசிறந்த நகைச்சுவை நடிகருள் ஒருவராய் விளங்கினார். சுஹாசினி முலே 30 ஆண்டுகளுக்குப்பின் ‘ஹூ தூ தூ’ படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது பெற்றார். மிருணாள் சென் 2003ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்று, 2018 டிசம்பர் 30ஆம் நாள், தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

நேயர்களே! நம்மில் பலர் அயல் மாநிலத்து ரெயில்வேயிலும், வங்கியிலும், தணிக்கை அலுவலகத்திலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கிறோம். நம்மை அறிந்தவர் அருகில் இல்லாத ஊரில், பதவியே நமக்கு முகமாகிவிடுகிறது. நாளடைவில் அதைக் கழற்றவும் மறந்துவிடுகிறோம். அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி, அந்த ஊர் உடுப்பை நமக்கு அணிவித்து, அந்த ஊர்ப் பறவையைக் காட்டும்போதுதான், நாம் இத்தனை காலமும் அங்கே வேலை பார்த்தோமேயன்றி வாழவில்லை என்பது விளங்குகிறது. புவன் ஷோம் துப்பாக்கியோடு போனார். வெடியோசையில் அஞ்சி விழுந்த பறவை ஒன்று உயிரோடு அவர் கைக்குக் கிடைத்தது. அதன் உடலில் குண்டு படவில்லை. அந்த வேட்டையில் உண்மையாகவே அடிபட்டது அவருடைய அதிகாரச் செருக்கு ஒன்றே. தங்கப் பதக்கம் அதற்காகவே தரப்பட்டது என்று நாம் கொள்வதில் தவறில்லை.