எந்தத் தெருவில் இந்தச் சட்டை?



‘ஸ்ட்ரீட்வேர்’ என்று இன்று உலகச் சந்தையில் விற்பது, தெருவில் நடக்கிறவனின் உடை. எந்தத் தெருவில் என்பதுதான் நம் கேள்வி.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கிராப்பு, குடை, செருப்பு எதுவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுத் தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களை மயக்குவதாகப் பேசினார். 82 ஆண்டுகளில் துணி மாறியது. அதைப் பார்த்து வரும் எரிச்சல் மாறவில்லை.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக் கூலியிலும், ஜீப்பேறி இடுக்கி ஏலத்தோட்டம் போய்வரும் சம்பளத்திலும் நம் பையன்கள் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிராண்ட் பெயர் போட்ட டி-சர்ட் எடுக்கிறார்கள். ‘டூப்ளிகேட்’ என்று கேலி பேசுகிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் டாப்பர் டான் என்ற கறுப்பின உடை வடிவமைப்பாளர் 1980களில் பெரிய கம்பெனிகளின் முத்திரையைத் தன் மக்களின் உடையில் பதித்தார். வழக்குகள் வந்தன, கடை மூடியது. 2017இல் குஸ்ஸி கம்பெனியே அவர் வடிவத்தை நகலெடுத்தது.

முத்திரைக்கு மதிப்புத் தருவது உடுத்துகிற மனிதன்தான். ஆகவே காலரைப் புரட்டி அசலா போலியா என்று பார்க்க வேண்டாம். அதை உடுத்தியவன் ஊர்த்தெருவில் பைக்கைவிட்டு இறங்காமல் போக முடிகிறதா என்று பார்ப்போம். முடியாத ஊரில் நமக்கு வேலை இருக்கிறது.