விதியும் நெறியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒழுக்கம் யாது என்று வினவினால், முன்னோர் வகுத்தபடி நடப்பதே என்று விடையிறுக்கப் பழகியிருக்கிறோம். அவ்விடை போதுமா என்பதையே இன்று ஆராய விழைகிறோம்.

மராட்டியத்தின் மகாட் நகரை எண்ணிப் பார்ப்போம். பொதுக் குளங்களை அனைவருக்கும் திறந்துவிட வேண்டுமெனப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. 1924இல் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட இசைந்தது. ஆயினும் ஊர் வழக்கம் குறுக்கே நின்றது. கால்நடை பருகிய நீரை நம் மக்கள் தீண்ட இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். ஆதிக்கச் சாதியார் தடிகொண்டு தாக்கினர். பின்னர்ச் சாணமும் கோமியமும் கலந்து குளத்திற்குத் 'தீட்டு' கழித்தனர்.

தடுத்தவரும் அறத்தின் பெயராலேயே தடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. இச்சிக்கலுக்கு 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் விளக்கம் தந்தார். விதி, இன்னது செய் எனக் கட்டளையிடும். நெறியோ, செய்வது சரியா எனச் சீர்தூக்கும் அளவுகோலாகும். ஆராய்ந்து செய்பவனே தன் செயலுக்குப் பொறுப்பாளி ஆகிறான்.

மகாடில் தாக்குண்டோருள் முன்னாள் படைவீரர்களும் இருந்தனர். திருப்பித் தாக்க வலிமை இருந்தும், அண்ணல் சொற்கேட்டு அமைதி காத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தபோது, மீண்டும் நீர் எடுப்பதை அண்ணல் ஒத்திவைத்தார். வழக்கத்தை மீறியவர் தடையாணைக்குப் பணிந்தது முரண்பாடா? அன்று, வழக்கம் நம் வாதத்தை ஒருநாளும் கேட்டதில்லை, வழக்குமன்றமோ கேட்கக் கடமைப்பட்டது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் மக்கள் பக்கம் நின்றது.

இளைஞர்களே! இவ்வளவுகோலைப் பிறர்மேல் வைப்பது எளிது. நம்மேல் வைப்பதே அரிது. மகனைக் கல்லூரிக்கு அனுப்பி, மகளை அடுப்படியில் நிறுத்தும்போது நாமும் வழக்கத்தையே காட்டுகிறோம். நம்முள்ளேயே உட்பிரிவு பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கும்போது, சவுதார் குளக்கரையில் தடியெடுத்தவரின் நியாயத்தையே நாமும் பேசுகிறோம். பிறர் செய்தால் கொடுமை, நாம் செய்தால் குலவழக்கம் என்பது அறமாகுமா?

கல்வி வேலைக்கு மட்டுமன்று. இவ்வினாவைத் தன் வீட்டு வாயிலில் நின்று கேட்கும் துணிவிற்கும் ஆகும். அத்துணிவு நம் பிள்ளைகளிடம் வளருமாயின், இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு பயன் பெற்றதாகக் கொள்வோம்.