தந்தை தடுத்த ஆட்டம்



வறுமையை அறிந்த தந்தைக்கு மகனின் கலைத்தாகம் எளிதில் விளங்குவதில்லை. இதற்கு ஒரு வரலாறு சொல்வேன்.

1938-இல் பிறந்து, ருஷ்ய நாட்டு ஊஃபா நகரில் வளர்ந்த தாத்தாரியச் சிறுவன் ருடால்ஃப் நுரேயெவ். உணவும் உடையும் அரிதாயிருந்த போர்க்காலத்தில், அவன் தாய் ஒரே நுழைவுச்சீட்டைக்கொண்டு மக்கள் அனைவரையும் பாலே நடனம் காண அழைத்துச் சென்றார். ஆடுவதே தன் வாழ்வு என்று அன்றே சிறுவன் துணிந்தான். போரினின்று திரும்பிய தந்தைக்கோ அது ஆண்மகனுக்கு ஏற்ற தொழிலாகத் தோன்றவில்லை. படித்துப் பதவி பெறுவதே பாதுகாப்பு என எண்ணிக் கண்டித்தார். மகன் மறைவாகச் சென்று பயின்றான்.

பிறர் பத்து வயதளவில் சேரும் லெனின்கிராடு நடனப் பள்ளியில் அவன் 1955-இல், தன் 17-ஆம் வயதில் சேர்ந்தான். புஷ்கின் என்னும் ஆசிரியர் அவனை உருவாக்கினார். 1958-இல் கீரோவ் நடனக் குழுவில் இடம் கிடைத்தது. 1961-இல் பாரிஸ் சென்ற நுரேயெவ் நாடு திரும்ப மறுத்தார். உலகப் புகழ் எய்தினார். ஆயின் தந்தையை மீண்டும் காணவேயில்லை. முதுமையுற்ற தாயைக் கண்டதும் 1987-இல்தான்.

விரும்பியதைச் செய்க என்பது எளிய சொல். அதன் விலை பெரிது. காலந்தாழ்ந்து தொடங்கியவர் உழைப்பால் அக்குறையை நிரப்பினார் என்பதை நினைவில் வையுங்கள். அத்தந்தையையும் பழிக்க வேண்டா. அவர் அஞ்சியது கலைக்கு அன்று, வறுமைக்கே.