ஜூபிலி அடுப்பங்கரையில் தொடங்கட்டும்

(ஜூபிலி ஆயத்த நாட்களில், குடும்பத்தாருக்கான மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



கோவிலுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. இனி நம் வீட்டு அடுப்பங்கரைகள் ஜூபிலிக்குத் தயாரா என்று பார்ப்போம். "ஜூபிலிக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சாமி சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஜூபிலியைப் பற்றி வாசிக்கிறோம். 50-ஆம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமைப்பட்டவன் வீடு திரும்ப வேண்டும். விற்ற நிலம் உரியவனிடம் சேர வேண்டும். பழைய கணக்கைத் தீர்க்கும் ஆண்டு அது. நம் வீடுகளிலோ தீராத கணக்குகள் எத்தனை! "வந்த மூன்றாம் நாளே பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்தவள்தானே நீ?" என்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் மருமகளிடம் சொல்லிக்காட்டுகிற மாமியார் உண்டு. அன்று வீணானது அரைப்படி பால். அதன்பிறகு வீணான வார்த்தைகளை எந்தப் படியால் அளப்பது?

வீட்டில் நேரும் குறைகளை இயேசு பெருமான் அற்பமென்று ஒதுக்கவில்லை. வெள்ளிக்காசைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணைக் காட்டித்தான் பரலோகத்தின் மகிழ்ச்சியை விளக்கினார். கானாவூர் கலியாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோயிற்று. நம் ஊர்ப் பந்தியில் குழம்பு பற்றாமல் போனால் சம்பந்திகளுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேவ அன்னை யாரையும் குற்றம் சொல்லவில்லை, மகனிடம் சொன்னார்கள். குறை தீர்ந்தது, பந்தி விசாரித்தவனுக்கே விஷயம் தெரியவில்லை.

நாமும் திராட்சை விளையும் மண்ணில் இருக்கிறோம். பன்னீர் திராட்சையை 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழம் முற்றும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். அந்த நஷ்டத்தை வாய்பேசாமல் தாங்குகிற தகப்பன், வீட்டில் மகள் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தால் தாங்கமாட்டான். மழையைத் திட்டினால் அது நிற்காது. மகள் நின்று கேட்டுக்கொள்வாள். அதுதான் காரணம்.

புனித குழந்தை தெரேசம்மாள், கார்மேல் மடத்தில் யாரோ உடையவிட்ட ஜாடிக்காகக் கண்டிக்கப்பட்டார். 'நானல்ல' என்று வாதாடாமல் தரையை முத்தி செய்து, இனிக் கவனமாயிருப்பதாகச் சொன்னார். குருமடத்தில் அதைப் படித்து, பலமுறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். ஆனால் நான் நடந்துகொண்டதைக் கேளுங்கள்.

வேறொரு பங்கில், வயதான ஓர் அம்மாள் எனக்குச் சமைத்துவந்தார்கள். ஒருநாள் மலையடிவாரத்தில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு, நல்ல பசியோடு திரும்பினேன். சோற்றில் கல். அந்த வாரத்தில் அது மூன்றாம் தடவை. தட்டைத் தள்ளிவிட்டு, "முடியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே!" என்றேன். அவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

மறுநாள் கோவில்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "சாமி, அந்த அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவீர்களோ என்று பயப்படுகிறார்கள்."

ஊரார் பாவசங்கீர்த்தனத்தில் என்னிடம் மனம் திறக்கிறார்கள். எனக்குச் சோறு போட்டவரோ என்னிடம் வாய் திறக்கப் பயந்தார். நான் சோற்றில் கல்லைப் பார்த்தேன். அவர்கள் கண்ணைப் பார்க்கவில்லை. அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கண்புரை அறுவை நடந்தது. திரும்பி வந்ததும் முறத்தை எடுத்து அரிசி புடைத்து, ஒரு கல்லைப் பொறுக்கிக் காட்டி, "இதெல்லாமா சாமி தின்னீர்கள்?" என்று சிரித்தார்கள்.

பிரியமானவர்களே, ஜூபிலித் திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லப்போகிறோம். அதற்குமுன் வீட்டிலுள்ள பழைய கணக்கு ஒன்றையாவது தீர்த்துவிட்டு வாருங்கள். இனி அடுப்பங்கரையில் ஏதாவது உடையும் சத்தம் கேட்டால், "கையில் பட்டுவிட்டதா?" என்று முதலில் கேளுங்கள். சட்டியைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

கானாவூர் வீட்டில் துணைநின்ற தேவ அன்னை நம் வீடுகளிலும் துணைநிற்பார்களாக. ஆமென்.