மூர் மார்க்கெட்டில் இறங்குகிறவர்கள்



நம் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து மின்ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள், திருத்தணியில் ஏறினாலும் திருவள்ளூரில் ஏறினாலும், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து ஏறினாலும், கடைசியில் இறங்குவது ஒரே இடத்தில். ரயில்வே கால அட்டவணையில் அதற்கு எம்.எம்.சி. என்று பெயர். மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். போன வருடம் நம் ஊர்க் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், தினமும் மூர் மார்க்கெட்னு பார்க்கிறேன், அந்த மார்க்கெட் எந்தப் பக்கம் இருக்கு?" "நீ இறங்கி நடக்கிறியே, அந்த இடம்தாம்மா" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். அன்றைக்கே இந்தச் சொற்பொழிவுக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

இந்தச் சொற்பொழிவை ஏற்பாடு செய்யும் அறக்கட்டளை ஒரு கடைக்காரரின் நினைவாக நடக்கிறது. நம் கடைத்தெருவில் நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்தவர் அவர். அவர் விற்ற துவரம்பருப்பு இன்றைக்கும் எங்கேயும் கிடைக்கும். யார் வீட்டில் எத்தனை வாய், யாருக்குத் தறியில் கூலி எந்தக் கிழமை வரும், யாரிடம் இந்த மாதம் பாக்கியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவர் தலைக்குள் இருந்த கணக்கு, கடையைப் பூட்டிய அன்றோடு போய்விட்டது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்று பழகிய கைகளில் 100 காசு. ஓர் அணாவுக்கு ஆறேகால் காசு; அந்தக் கால் காசை யார் விட்டுக்கொடுப்பது என்று ஊர் முழுக்கத் தகராறாம். அது அடங்குவதற்குள், 1958 அக்டோபரிலிருந்து புது எடைக் கற்கள் படிப்படியாக வரத் தொடங்கின. வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும். பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மாநிலமே மாறியது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி தாலுகாவும் நம் பள்ளிப்பட்டு துணைத் தாலுகாவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு பக்கம் அங்கே போனது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தைப் பற்றியும், திருத்தணி விநாயகம் அவர்களைப் பற்றியும் மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். பேசத்தான் வேண்டும். ஆனால் மூன்றே ஆண்டில் காசு, எடை, மாநிலம் மூன்றும் மாறினபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு அதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னவர் யார்? தாசில்தார் வந்து சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரர்தான் சொன்னார். தமிழில் கேட்டவருக்குத் தமிழில், தெலுங்கில் கேட்டவருக்குத் தெலுங்கில்.

என் பாட்டி கடைசி வரைக்கும் வீசைக் கணக்கில்தான் கேட்டாள். "அரை வீசை புளி" என்றால் கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் 700 கிராம் நிறுத்துப் போடுவார். கிலோ வந்து பல வருடம் ஆகியும் அவளைத் திருத்தவில்லை. அந்த மரியாதையை நான் வேறு எந்த மாற்றத்திலும், எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அவர் பொட்டலம் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பழைய தாளை இடது கையில் கூம்பாகச் சுருட்டி, கூர்முனையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, பருப்பைக் கொட்டி, மேல்வாயை மூன்று மடிப்பாக மூடுவார். விட்டத்திலிருந்து தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்று. பிறகு ஒரு சுண்டு. நூல் அறுந்து கையோடு வரும். கத்தரிக்கோல் கிடையாது. மற்ற ஊர்களில் சணல் கட்டுவார்கள். நம் ஊர் தறி ஊர், அதனால் தறியில் மிஞ்சிய கழிவு நூல். ஒரு நாள் பச்சை, ஒரு நாள் அரக்கு, ஊரில் என்ன சேலை ஓடுகிறதோ அந்த நிறம். என் அம்மா ஒரு நூலையும் எறிய மாட்டாள். அவிழ்த்து உண்டையாகச் சுற்றி வைப்பாள். ஜாக்கெட் கொக்கி தைக்க, பூத் தொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கடைசியில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, கொசுறு. அது எனக்கு.

நூல் என்றதும் நூல் கடைகளைச் சொல்லாமல் போக முடியாது. கைத்தறிக்கு நூல் சிட்டமாக வரும். கடையில் சிட்டம் வாங்கி, வீட்டில் சாயம் தோய்த்து, பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள். நூல் கடைக்காரர் இரண்டு விரலுக்கு நடுவில் இழையை உருட்டியே இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்பார். நெய்பவரின் கை எப்படி, அவருக்கு எந்த நூல் அறாது என்பதும் தெரியும். விசைத்தறி வந்தபோது நூல் சிட்டத்திலிருந்து கோனுக்கு மாறியது. கோன் மொத்தமாக இறங்கும். அதற்குச் சில்லறைக் கடை எதற்கு? கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. நூற்பாலைகள் உள்நாட்டுக்கு அனுப்பும் நூலில் பாதியைச் சிட்டமாகத் தர வேண்டும் என்ற விதி 1974-இலிருந்து இருந்தது; அதுவும் 2003-இல் நாற்பது சதவீதமாகக் குறைந்தது. சட்டம் தறியைப் பற்றி யோசித்தது. தறிக்கும் ஆலைக்கும் நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நம் தெருவில் நூல் கடைகள் ஒவ்வொன்றாக மூடியதற்கு ஒரு செய்திகூட வந்ததில்லை.

இப்போது மூர் மார்க்கெட்டுக்கு வருகிறேன். பிராட்வே பக்கம் பாபம் மார்க்கெட் என்று நெரிசலான ஒரு சந்தை இருந்தது. அங்கிருந்த வியாபாரிகளுக்காக மாநகராட்சி எழுப்பியதுதான் இது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார், 1900-இல் திறந்தார்கள். சிவப்புக் கட்டடம், வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் முற்றம். உள்ளேயும் வெளியேயும் கடைகள். கிராமபோன் இசைத்தட்டு, கூண்டுக் கிளி, வண்ண மீன், பழைய கோட்டு, கடிகாரம், பழைய புத்தகம். பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. நம் ஊரார் அதை 'உயிர் காலேஜ்' என்பார்கள், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். பட்டணம் பார்க்கப் போனேன் என்று யாராவது சொன்னால், இவற்றையும் மூர் மார்க்கெட்டையும் பார்த்ததாகத்தான் அர்த்தம்.

அங்கே பழைய புத்தகம் தேடியவர்களில் கோட்டையூர் ரோஜா முத்தையாவும் ஒருவர். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாகியிருக்கின்றன. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற எவரும் இன்று அந்த நூலகத்தின் படியேறாமல் எழுத முடியாது. நடைபாதையில் கோணி விரித்துப் பழந்தாளைக் காகிதக்காரனுக்குப் போடாமல் எடுத்து வைத்த வியாபாரிகளுக்கு அதில் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு மூர் மார்க்கெட் என்றால் என் அப்பா. அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு மே மாதமும், தம்மிடம் படித்துப் பெரிய வகுப்புக்குப் போன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவார். யாருக்கு அண்ணன் புத்தகம் இருக்கிறது, யாருக்கு எதுவுமே இல்லை என்று கணக்கெடுப்பார். அதை ஒரு கார்டில் பொடி எழுத்தில் எழுதி, மூர் மார்க்கெட்டில் ஒரு புத்தகக் கடை பாய்க்குப் போடுவார். ஜூன் முதல் ஞாயிறு நானும் அவரும் பேருந்தில் நகரி போய், ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறுவோம். நாங்கள் போவதற்குள் பாய் கட்டுக் கட்டி வைத்திருப்பார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் விலை. எல்லோரும் பேரம் பேசும் சந்தையில் அப்பா மட்டும் பேச மாட்டார். பாய் போடும் விலையே அப்பாவின் சம்பளம் தெரிந்து போட்ட விலை.

1985 மே 30, வியாழக்கிழமை மூர் மார்க்கெட் எரிந்தது. செய்தித்தாளில் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கிளம்பினார். "எரிஞ்சு போச்சேப்பா, எதுக்குப் போறோம்?" என்று கேட்டேன். "பாயைப் பார்க்க" என்றார்.

கரி நாற்றம் சென்ட்ரலிலேயே அடித்தது. வளைவுகள் நின்றன, மேலே ஒன்றுமில்லை. முற்றம் முழுக்கக் கறுப்பு நீர். மக்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு மணி நேரம் தேடி, ஒரு சுவரோரம் பாயைக் கண்டுபிடித்தோம். சட்டையெல்லாம் கரி. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாய்தான் முதலில் பேசினார்.

"வாத்தியாரே, உங்க கார்டு எரிஞ்சு போச்சு. ஏழாவதுக்கு ரெண்டு செட்டு, எட்டாவதுக்கு மூணு, பத்தாவது கணக்கு ஒண்ணு. ஒரு பொண்ணு தெலுங்கு மீடியம், அதுக்குச் சமூகவியல். சரியா?"

சரியாக இருந்தது. பைண்டிங் செய்ய வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த சில புத்தகங்கள் தப்பியிருந்தன. எங்களை வீட்டுக்கு அழைத்துப் போய், தேநீர் கொடுத்து, அதில் நம் பிள்ளைகளுக்கு ஆனதைப் பொறுக்கிக் கொடுத்தார். அப்பா முழுக் கட்டுக்கும் கொண்டுபோயிருந்த பணத்தைக் கொடுத்தார். பாய் எண்ணிப் பார்த்து, கொடுத்த புத்தகத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அப்பாவின் பையில் வைத்தார். தெலுங்குப் புத்தகம்தான் இல்லை.

அதே ஆண்டு ஜூலையில் உயிர் காலேஜும் வண்டலூருக்குப் போய்விட்டது. எரிந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழும்பியது; கடைக்காரர்களில் பலர் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றை வெளியே வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை இறங்கும்போது, மாணவர்களே, நின்று பாருங்கள்.

ஜூலைக் கடைசியில் பள்ளிப்பட்டு தபால்காரர் எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தெலுங்கு மீடியம் சமூகவியல். பாய் எங்கே தேடிப் பிடித்தாரோ, முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டு ரூபாய் என்று போட்டிருந்தது. அப்பா அன்றைக்கே மணியார்டர் எழுதப் போனார். பொட்டலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூலால் கட்டியிருந்தார்கள். அம்மா முடிச்சை அறுக்காமல் அவிழ்த்து, அந்த நூலைத் தன் உண்டையில் சுற்றிக்கொண்டாள்.